நாளுக்கு அரைச் செக்கன்

போட்டிக்கு இன்னும் எழுபத்தைந்து மணித்தியாலம் இருந்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணி. சிவராசா நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி தன் கொட்டிலுக்கு முன்னாலிருந்த சிவப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். தெருவின் மறுமுனையில் நின்ற கடைசிச் சிவப்புக் கட்டையடியில், பவளம் என்ற மூன்று வயதுப் பெட்டைக் கழுதையின் முதுகில் அவருடைய மனைவியின் தம்பி பார்த்தீபன் இருந்தான்.

பார்த்தீபன் துவாயை உயர்த்தி இறக்கினான். சிவராசா பொத்தானை அமத்தினார். விசில் கூடாது என்பது அவருடைய கட்டளை. ஐந்நூறு மீற்றரைக் கடந்து சத்தம் வந்துசேர ஒன்றரைச் செக்கன் எடுக்கும். வெளிச்சத்துக்கு அந்தச் சோம்பல் இல்லை.

பவளம் புழுதியோடு வந்து அவரைக் கடந்தது.

"எவ்வளவு அத்தான்?"

"ஐம்பத்து மூண்டு."

"நேற்று?"

"ஐம்பத்து மூண்டரை."

பார்த்தீபன் இறங்கிக் கழுதையின் முகத்தை உற்றுப் பார்த்தான். "இவ்வளவும் நடக்குது எண்டு இதுக்குத் தெரியுமோ?"

பவளம் தெருவோரத்தில் கிடந்த சீமெந்துப் பையின் கடதாசியைத் தின்னத் தொடங்கியது.

சிவராசா இடம்பெயர முன்னர் பதினொரு வருடம் பள்ளிக்கூடமொன்றில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். பள்ளிக்கூடம் போய்விட்டது, ஆய்வுகூடம் போய்விட்டது. காற்சட்டைப் பையில் கிடந்த நிறுத்தற் கடிகாரம் மட்டும் முகாம்வரை போய் அவரோடு பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தது. வந்து ஏழு மாதம். தகரக் கொட்டில் ஒன்று கிடைத்தது. மூன்று ஏக்கர் வயலும் இருந்தது, ஆனால் கண்ணால் பார்க்க மட்டும். கொட்டிலுக்கு முன்னால் தொடங்கித் தெரு நீளத்துக்கும் கண்ணிவெடிக்குச் சிவப்புக் கட்டைகள் நட்டு, மண்டையோட்டுப் பலகையும் நாடாவும் கட்டியிருந்தார்கள். அதற்குள் பலருடைய காணிகள். சிவராசாவுடையது மறுமுனையில், வாய்க்கால் பக்கம். பட்டியலிலும் அவருடைய பெயர் கடைசி. வெடி எடுத்து முடிய இரண்டு வருடம் செல்லும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நிவாரண அரிசியோ அடுத்த மாதத்தோடு நிற்கப்போகிறது.

பவளம் தண்ணீர் சுமக்க வந்த கழுதை. மன்னார்த் தீவில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. சிவராசா மூத்தவர் என்று 'காக்கா' போட்டு அழைக்கும் பழைய சிநேகிதர் அப்துல் றசாக் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எங்கட வளவில இது ஒரு கோழியைக்கூட முந்தினதில்ல தம்பி, அதையும் சொல்லித்தான் தாறன்" என்றார்.

ஒருநாள் விடிய அது ஓடியது. எதற்கு ஓடியது என்று தெரியவில்லை. ஓடுகிற பொருளைக் கண்டால் சிவராசாவின் கட்டைவிரல் சும்மா இராது. மறுநாளே ஒழுங்காக அளந்தார். தெருவில் வேறு குறி இல்லை. மரங்களைச் சண்டை தின்றுவிட்டது. மைல் கட்டையை யாரோ அடுப்புக் கல்லாக்கிவிட்டார்கள். ஊரில் எவரும் கைவைக்காத பொருள் என்றால் சிவப்புக் கட்டை ஒன்றுதான். அதைவிட நம்பிக்கையான குறி உலகத்தில் இல்லை என்று அவர் முடிவு செய்தார். சைக்கிள் சில்லில் நூல் கட்டிச் சுற்றுக்களை எண்ணிக்கொண்டு உருட்டிப் போனார். முதற் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை சரியாக ஐந்நூறு மீற்றர்.

முதல்நாள் எழுபத்தொரு செக்கன். அடுத்த நாள் எழுபதரை. அதற்கடுத்த நாள் எழுபது.

அன்றிலிருந்து நாளுக்கு அரைச் செக்கன் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்பதுதான் சிவராசாவின் நித்திரையைத் தின்றது. ஒரு கிழமை தவிடு கொடுத்தார், அரைச் செக்கன். அடுத்த கிழமை தவிட்டை நிறுத்தினார், அரைச் செக்கன். திருக்கேதீஸ்வரத்துத் திருநீற்றைக் கழுதையின் நெற்றியில் பூசிப் பார்த்தார். பூசாமலும் பார்த்தார். வயிற்றாலே போய்க் கால் தள்ளாடிய நாளில்கூட அரைச் செக்கன் குறைந்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் குறையவில்லை. ஞாயிறு ஓடிய நேரமே திங்களும்.

"திங்கக்கிழமை வேலை செய்யாத கந்தோர்க்காரர் மாதிரி" என்றான் பார்த்தீபன்.

எல்லாவற்றையும் சிவராசா வரைபுத்தாளில் குறித்து வந்தார். நாற்பத்திரண்டு நாளாகக் கோடு படிக்கட்டுப்போல இறங்கியிருந்தது. இப்படி ஓர் அழகான வரைபு அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடத்தில் ஒரு மாணவனுக்கும் வந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், கழுதை ஓட்டம் இரண்டு இடத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒன்பது மணி. பாப்பாமோட்டை வாசிகசாலையின் ஓட்டத்துக்கு முதற்பரிசு பத்து மூடை விதைநெல். தீவில் இளைஞர் கழகத்தின் சின்ன ஓட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஒரு வோட்டர் பம், பெரிய ஓட்டத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்.

"விதைநெல்லுக்கு விடுங்கோ" என்றார் இந்திராதேவி. அவர் அடுப்பை ஊதிக்கொண்டே முடிவு சொல்கிறவர்.

"வயல் நாடாவுக்கு அங்கால கிடக்குது. விதைநெல்லை வைச்சு என்ன, கொட்டிலுக்குள்ள விதைக்கிறதோ?"

"நெல் வீட்டுக்கு வந்தா வயல் பின்னால வரும்."

"அது விஞ்ஞானம் இல்லை, இந்திரா."

"கழுதைக்கு நோட்டுப் புத்தகம் வைச்சிருக்கிறது விஞ்ஞானமோ?"

சிவராசா நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரிய ஓட்டம் வேண்டாம், விதைநெல்லும் வேண்டாம், சின்ன ஓட்டத்தில் விட்டுப் பம்மை எடுப்பது. பம் என்றால் கமத்துச் சாமான். இந்திராதேவியும் வாய் திறக்கமாட்டார். பம்மை வாடகைக்கு விட்டாலும் இந்தப் போகத்துக்குக் கஞ்சி குடிக்கலாம். அன்று மத்தியானமே விண்ணப்பத்தை நிரப்பித் தீவுக்குப் போகிற மீன்காரரிடம் கொடுத்து அனுப்பினார்.

விண்ணப்பத்தில் 'கடைசியாக ஓடிய நேரம்' என்று ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் அதில் கோடு கீறி விடுவார்கள். சிவராசா எழுதினார்: ஐந்நூறு மீற்றர், ஐம்பத்து மூன்று செக்கன், நாற்பத்திரண்டு நாள் அவதானிப்பு.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு அப்துல் றசாக் வந்து இறங்கினார். அவர் போட்டிக் குழுவில் ஒருவர்.

"தம்பி, நீ எழுதினதைப் பார்த்துக் குழு மூண்டு தரம் கூடிட்டுது. இது உண்மையோ?"

சிவராசா வரைபுத்தாளை விரித்தார். றசாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இறங்கினார்.

"இது நான் தந்த கழுதைதானே?"

"ஓம் காக்கா."

"ஒரு சேவலுக்குத் தந்தனே."

"ஓம்."

றசாக் கொஞ்ச நேரம் பவளத்தைப் பார்த்தார். அது அவர் உடுத்திருந்த சாரத்தின் கரையை மணந்து பார்த்தது. "சரி, அல்லா நாடினது. ஆனா ஒரு விசயம். தீவில சுல்தான் எண்டு ஒரு கழுதை நிக்குது. நானூறு மீற்றரை நாப்பத்தைஞ்சு செக்கனில ஓடுது. உன்ர கணக்குப்படி இது?"

"நாப்பத்திரண்டரைக்குள்ள. ஞாயிறு நாப்பத்தொண்டரை வரும்."

"அப்ப இதைச் சின்ன ஓட்டத்தில விட்டா ஆக்கள் எனக்குக் கல்லெறிவாங்க. பெரிய ஓட்டத்திலதான் விடணும். குழு முடிவெடுத்தாச்சு."

"அப்ப பம்?"

"பம் இல்ல. மோட்டச்சைக்கிள். நேரத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம் தம்பி."

"அளந்ததை எப்பிடி மாத்தி எழுதுறது காக்கா?"

றசாக் போனபின் இந்திராதேவி அடுப்படியிலிருந்து கேட்டார். "உங்களுக்கு மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

தெரியாது. அதை அவர் யோசிக்கவில்லை. பழகலாம். மீன் பெட்டி கட்டித் தீவுக்கும் கட்டுக்கரைப் பக்கத்துக்கும் ஓடினால் சீவியம் போகும். ஆனால் இந்திராதேவி அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருக்கவில்லை. அது நல்ல அறிகுறியல்ல.

ஆகவே சனிக்கிழமை விடிய ஐம்பத்திரண்டு செக்கன் என்று குறித்துவிட்டு, வாசிகசாலைத் தலைவர் பரமநாதனிடம் போனார். தீவுப் போட்டியை விட்டுவிட்டு ஊரிலேயே ஓடினால் என்ன என்று கேட்கத்தான்.

பரமநாதன் கதிரையை விட்டு எழும்பவில்லை. "உம்மட கழுதைக்கு மோட்டச்சைக்கிள் எல்லோ பொருத்தம். எங்கட விதைநெல் அதுக்குச் செமிக்குமோ?"

"இல்லை அண்ணை, நான் யோசிச்சுப் பார்த்தனான்."

"நாங்களும் யோசிச்சுத்தான் உம்மட பெயரை வெட்டினனாங்கள். மூண்டு கழுதையோட நடத்துறம். உம்மட மின்னலைக் கொண்டுபோம்."

"மின்னலோ?"

"தீவில மைக்கில கத்துறாங்களாம், மின்னல் பவளம் எண்டு. உமக்குத் தெரியாதோ?"

தெரியாது. தீவில் றசாக் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். அது போதாதென்று, சுல்தானின் சொந்தக்காரர் பயந்துபோய் முசலிப் பக்கத்திலிருந்து சுல்தானை வெல்லக்கூடிய ஒரு கழுதையைக் கொண்டுவந்து கட்டியிருப்பதாகவும் மீன்காரர் சொன்னார்.

திரும்பி வரும்போது வெடி எடுக்கும் குழுவின் கூடார வாசலில் பெற்றிசியா நின்றாள். அந்தக் குழுவில் வேலை செய்கிற பேசாலைப் பிள்ளை. தடித்த நீல அங்கியும் முகக் கவசமுமாக விடியப் போனால் வெயில் ஏறத் திரும்புவாள். போகும்போதும் வரும்போதும் பவளத்துக்கு ஒரு துண்டுப் பாண் கொடுப்பாள்.

"அங்கிள், நாளைக்கு ஓட்டமாம்?"

"ஓம் பிள்ளை."

"எதுக்கு விடுறியள், விதைநெல்லுக்கோ?"

"வயல் இல்லாத ஆளுக்கு விதைநெல் எதுக்குப் பிள்ளை?"

பெற்றிசியா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முகக் கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டாள். "இல்லை, சும்மா கேட்டனான்."

ஞாயிற்றுக்கிழமை விடியப் பவளம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற மறுத்தது. பாணைக் காட்டினார்கள். பாணை எட்டி வாங்கித் தின்றுவிட்டு இறங்கியது. பார்த்தீபன் முன்னங்கால்களைத் தூக்கிப் பெட்டியில் வைத்தான். அது பின்னங்கால்களைத் தரையிலேயே வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தது. கடைசியில் சிவராசாவும் உழவு இயந்திரக்காரரும் பின்னாலிருந்து தோள்கொடுக்க ஏறியது. இரண்டு நாளாகச் சோறு தின்னாமல் நாற்பத்தாறு கிலோவுக்கு இறங்கியிருந்த பார்த்தீபன் பெட்டிக்குள்ளேயே படுத்துவிட்டான்.

"நான் ஓட்டுறதோ, அது என்னை ஓட்டுறதோ அத்தான்?"

"நீ விழாமல் இரு. மிச்சத்தை வரைபு பாக்கும்."

தீவில் சனம் மதிலில் ஏறி நின்றது. பவளம் இறங்கியதும் ஒரு சத்தம் எழும்பியது. யாரோ அதன் கழுத்தில் மாலை போட்டார்கள். அது மாலையில் பாதியைத் தின்றது. சிவராசா முடிவுக் கோட்டடியில் நின்றார். நில அளவைக்காரர் ஒருவர் நாடா பிடித்து நானூறு மீற்றர் அளந்திருந்தார். அதில் சிவராசாவுக்கு முழுத் திருப்தி.

கொடி விழுந்தது. கட்டைவிரல் அமத்தியது.

முதலில் முசலிக் கழுதை வந்தது. பிறகு சுல்தான் வந்தது. பிறகு பெயர் தெரியாத நான்கு கழுதைகள் வந்தன. முதல் வந்த கழுதைக்கு வாளியில் தண்ணீர் வைத்தார்கள். அது குடித்துத் தலையை நிமிர்த்தியபோது மின்னல் பவளம், தான் ஓடவேண்டிய அவசரத்தில் ஒரு துளியும் குறைக்காமலும் கூட்டாமலும், கோட்டைத் தாண்டியது.

ஐம்பத்தேழு.

சிவராசா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். குலுக்கினார். பக்கத்தில் நின்ற நடுவரிடம் அவருடைய கடிகாரத்தைக் காட்டச் சொன்னார். அதிலும் ஐம்பத்தேழு.

றசாக் ஒலிபெருக்கியைக் கையில் வைத்தபடி வந்து நின்றார். அதை நிறுத்த மறந்திருந்தார். "தம்பி, உன்ர கோடு எங்க தம்பி?" என்று அவர் மெதுவாகக் கேட்டது தீவு முழுக்கக் கேட்டது.

ஓடி முடித்த எல்லாக் கழுதைக்கும் ஆறுதல் பரிசு இருந்தது. சிவப்பு றிபன் கட்டிய ஒரு மண்வெட்டி. சிவராசா அதைத் தோளில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரத்தில் ஏறினார். தோற்றது அவருக்குப் பெரிதாக உறைக்கவில்லை. நானூறுக்கு ஐம்பத்தேழு என்றால் ஐந்நூறுக்கு எழுபத்தொன்று. முதல்நாள் நேரம். நாற்பத்தைந்து நாள் எங்கே போனது? அதுதான் அவருக்கு விளங்கவில்லை. பாலத்தைத் தாண்டும்வரை அதையே யோசித்தார். கடற்காற்றோ? மாலையோ? பிறந்த மண்ணைக் கண்ட மயக்கமோ?

வீட்டுக்கு வந்தபோது இந்திராதேவி மண்வெட்டியைப் பார்த்தார்.

"மோட்டச்சைக்கிள் இதுதானோ?"

அவர் பிடியில் கட்டியிருந்த றிபனை அவிழ்த்தார்.

"ஊர் ஓட்டத்தில மூண்டு கழுதை. ஒண்டு பாதியில படுத்திட்டுது. ஒண்டு பின்பக்கமாப் போயிட்டுது. மற்றது நடந்து வந்து பத்து மூடையையும் கொண்டுபோயிட்டுது." சிறிது நேரம் அடுப்பை ஊதினார். "நடந்து."

அடுத்த மாதத்துக்கு அரிசி இல்லை. நெல்லும் இல்லை, பம்மும் இல்லை. சிவராசா கொட்டில் வாசலில் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பார்த்தீபன் கும்பிட்டான். "போதும் அத்தான். எனக்கு இடுப்பு இல்லை."

"ஒரேயொரு தரம். பிழை எங்க எண்டு பாக்கவேணும்."

துவாய் இறங்கியது. பவளம் வந்தது.

ஐம்பத்தொன்றரை.

சிவராசா கடிகாரத்தைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். நேற்று இதே வேகத்தில் ஓடியிருந்தால் முசலிக் கழுதை இன்னும் தண்ணீர் வாளியைத் தேடிக்கொண்டிருக்கும்.

"இது இந்தத் தெருவில மட்டும்தான் ஓடுது" என்றார். "இந்த மண்ணில என்னவோ கிடக்குது."

"கிடந்தது அங்கிள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இப்ப இல்லை."

பெற்றிசியா நின்றாள். இன்று அங்கியும் கவசமும் இல்லை. கையில் பொலித்தீன் உறைக்குள் ஒரு கடிதம். அவளுடைய முகம் ஒரு மாதமாகத் தும்மலை அடக்கியவளின் முகம்போல இருந்தது. சத்தம் கேட்டு இந்திராதேவியும் வாசலுக்கு வந்தார்.

"அங்கிள், இந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து வரமுன்னம் எங்களைக் கதைக்கக் கூடாது எண்டவை. சனிக்கிழமை பின்னேரம்தான் வந்தது. நேற்று வந்து பார்த்தனான், நீங்கள் தீவுக்குப் போயிட்டியள்." கடிதத்தை நீட்டினாள். பிறகு அவள் கண் மண்வெட்டிப் பிடியோடு சாய்த்து வைத்திருந்த வரைபுத்தாளில் விழுந்தது. "இது என்ன?"

"பவளத்தின்ர நேரம். நாளுக்கு அரைச் செக்கன்."

பெற்றிசியா தாளைக் கையில் எடுத்தாள். ஒருதரம் நேராகவும் ஒருதரம் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"இதை எங்க இருந்து எடுத்தனீங்கள்? இது எங்கட கூடாரத்தில நான் கீறித் தொங்கவிட்ட படம் எல்லோ. எங்கட வேலைக் கணக்கு. திங்கக்கிழமையில நிக்கிறதும் அப்பிடியே கிடக்குது. ஞாயிறு எங்களுக்கு லீவு."

"இல்லைப் பிள்ளை, இது நான் அளந்தது. சிவப்புக் கட்டையில இருந்து சிவப்புக் கட்டைவரை."

பெற்றிசியா அவரைப் பார்த்தாள். தெருவின் மறுமுனையைப் பார்த்தாள். பார்த்தீபன் கழுதையிலிருந்து மெல்ல இறங்கி, தானும் அங்கே பார்த்தான்.

"எந்தக் கட்டையில இருந்து தம்பி வெளிக்கிடுறவர்?"

"கடைசிக் கட்டையில இருந்துதான்" என்றான் பார்த்தீபன். "அது எங்க நிக்குதோ அங்க திரும்புவன்."

சிவராசாவின் கட்டைவிரல் தானாகக் கடிகாரத்தை ஒருதரம் அமத்தியது. முள் ஓடத் தொடங்கியது. இந்திராதேவி கடிதத்தை வாங்கி உறையைப் பிரித்தார்.

"கழுதையின்ர வேகம் கூடேல்லை அங்கிள்" என்றாள் பெற்றிசியா. "நாங்கள்தான் வாய்க்கால் பக்கமிருந்து துப்புரவாக்கி, நாளுக்கு மூண்டு நாலு மீற்றராக் கட்டையை இஞ்சால கொண்டு வந்தனாங்கள். அங்கால விட்ட நூற்று முப்பத்தேழு மீற்றரும் உங்கட வயல். இண்டைக்கே விதைக்கலாம்."